கன்னியிடம் பிறந்தார்: இந்த நம்பிக்கையின் பொருள் என்ன?

"பரிசுத்த ஆவியினால் கன்னிமரியாளிடத்தில் உற்பவித்துப் பிறந்தார்." கிறிஸ்தவர்களின் பழமையான நம்பிக்கை அறிக்கையாகிய அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவின் பிறப்பைப் பற்றி உள்ளது இந்த ஒரு வரிதான். அடுத்த வரி நேராகப் பொந்தியு பிலாத்துவுக்கும் சிலுவைக்கும் போய்விடுகிறது. இடைப்பட்ட வாழ்க்கை முழுவதும் அதில் இல்லை. அவருடைய உவமைகள், அவர் குணமாக்கிய நோயாளிகள், மலைப்பிரசங்கம் எதற்கும் இடமில்லை. பிறப்புக்கு மட்டும், அதுவும் யாரால், யாரிடத்தில் என்ற விவரத்தோடு, இடம் கிடைத்திருக்கிறது. இவ்வளவு சிக்கனமான ஓர் அறிக்கையில் அந்த விவரம் எதற்கு என்று கேட்பதுதான் இந்த நம்பிக்கையைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

முதலில், இந்த நம்பிக்கை என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மரியாள் எந்த ஆணோடும் சேராமல், கடவுளுடைய ஆவியின் செயலால் இயேசுவைக் கருவுற்றார் என்பதே அதன் உள்ளடக்கம். வழக்கத்தில் 'கன்னிப் பிறப்பு' என்கிறோம். உண்மையில் சுவிசேஷங்கள் அதிசயமாகச் சொல்வது கருவுற்றதைத்தான். கர்ப்ப காலத்தையோ பேறுகாலத்தையோ அவை அற்புதமாக வருணிக்கவில்லை. "பிரசவகாலம் நேரிட்டது" என்று எந்தத் தாயைப் பற்றியும் சொல்வதைப் போலவே லூக்கா சொல்லிவிட்டுப் போகிறார்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இரண்டு கோட்பாடுகள் உண்டு. ஒன்று, கத்தோலிக்கத் திருச்சபையின் 'அமல உற்பவம்'. அது இயேசு கருவானதைப் பற்றியதே அல்ல. மரியாள் தம் தாயின் வயிற்றில் உருவான நொடியிலிருந்தே பிறப்புநிலைப் பாவத்தின் கறையின்றி இருந்தார் என்பது. 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். மற்றொன்று, இயேசு பிறந்த பிறகும் மரியாள் வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே இருந்தார் என்பது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இதை ஏற்கிறார்கள். சுவிசேஷங்கள் 'இயேசுவின் சகோதரர்' என்று குறிப்பிடுவோரை உறவினர் என்றோ, யோசேப்பின் முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் என்றோ அவர்கள் விளக்குவார்கள். இன்றைய புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோர் அவர்களை மரியாளின் பிள்ளைகளாகவே கொள்கிறார்கள். இந்த இரண்டிலும் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. கன்னியிடம் பிறந்தார் என்பதிலோ மூன்று பெரும் மரபுகளின் அறிக்கைகளும் ஒன்றுபடுகின்றன.

என் பார்வையில், அந்த ஒற்றை வரியில் இரண்டு உறுதிமொழிகள் இருக்கின்றன. 'பரிசுத்த ஆவியினால்' என்பது ஒன்று: இந்தப் பிறப்பு கடவுளிடமிருந்து தொடங்கியது. 'மரியாளிடத்தில்' என்பது மற்றொன்று: பிறந்தவர் மெய்யாகவே நம்முடைய இனத்தவர். இன்று எல்லாருடைய கவனமும் முதல் பாதியிலேயே நிற்கிறது. ஆதிச் சபைக்கோ இரண்டாவது பாதிதான் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

மத்தேயு, லூக்கா

இந்தச் செய்தி இரண்டு சுவிசேஷங்களில் மட்டும் வருகிறது. இரண்டும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை போலத் தோன்றவில்லை. மத்தேயுவில் எல்லாம் யோசேப்பின் பக்கமிருந்து நடக்கிறது. தேவதூதன் அவருடைய கனவில் பேசுகிறான். லூக்காவில் எல்லாம் மரியாளின் பக்கம். வம்சவரலாறுகள்கூட ஒத்துப்போவதில்லை. ஆனால் ஓர் ஆணின் பங்கில்லாமல், ஆவியால், தாவீதின் வம்சத்தில், மரியாளிடம் இயேசு பிறந்தார் என்பதில் இருவரும் உடன்படுகிறார்கள்.

மத்தேயுவின் முதல் அதிகாரத்தைப் பெரும்பாலோர் வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுவார்கள். தாண்டாமல் நின்று வாசித்துப் பாருங்கள். "ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்" என்று தந்தை, மகன், தந்தை, மகன் எனப் பட்டியல் ஒரே தாளத்தில் நடக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தாளம் மாறுவதே இல்லை. கடைசியில் "யாக்கோபு மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான்" என்று வந்து, அடுத்ததாக "யோசேப்பு இயேசுவைப் பெற்றான்" என்று நம் காது எதிர்பார்க்கும் இடத்தில், "அவளிடத்தில் கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்" என்று வாக்கியம் திரும்பிவிடுகிறது. ஆபிரகாமிலிருந்து ஓடிவந்த சங்கிலி அதன் கடைசி வளையத்தில் அறுந்து நிற்கிறது. மேசியா, அதாவது வாக்களிக்கப்பட்ட மீட்பர், இந்த வரலாற்றின் முடிவில் வருகிறார். ஆனால் இந்த வரலாறு தன் சொந்த பலத்தால் அவரை உண்டாக்கவில்லை. மத்தேயு விளக்கவுரை எதுவும் எழுதாமல், ஒரு வினைச்சொல்லை மாற்றி இதைச் சொல்லிவிடுகிறார்.

அந்தப் பட்டியலில் மரியாளுக்கு முன்பு நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. எல்லாரும் ஊர் வாய்க்கு அவலாகக்கூடிய கதைகளைச் சுமந்தவர்கள். திருமணத்துக்கு முன்பே கருவுற்ற பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகும் மத்தேயு, கடவுள் இதற்கு முன்பும் இப்படிப்பட்ட பாதைகளில் நடந்திருக்கிறார் என்று முன்கூட்டியே வாசகரைத் தயார்செய்கிறார் என்று நினைக்கிறேன்.

பிறகு யோசேப்பு. நிச்சயிக்கப்பட்ட பெண் கர்ப்பவதி என்று தெரிகிறது. குழந்தை தம்முடையதல்ல என்பதும் அவருக்குத் தெரியும். குழந்தை எப்படி உண்டாகிறது என்பது அந்தக் காலத்து மக்களுக்குத் தெரியாது, அதனால் எதையும் நம்பினார்கள் என்று சொல்வோருக்கு யோசேப்பே பதில். தெரிந்ததால்தான் அவர் "இரகசியமாய் அவளைத் தள்ளிவிட யோசனையாயிருந்தான்." கனவில் செய்தி கிடைத்த பிறகு அவர் மரியாளைச் சேர்த்துக்கொள்கிறார், குழந்தைக்கு இயேசு என்று பெயரிடுகிறார். பெயரிட்டதன் மூலம் அந்தக் குழந்தையைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார். இயேசு தாவீதின் குமாரன் என்று அழைக்கப்படும் உரிமை இரத்தத்தால் வரவில்லை. யோசேப்பு ஏற்றுக்கொண்டதால் வந்தது. கிறிஸ்துமஸ் படங்களில் ஓரத்தில் கைத்தடியோடு நிற்கும் மனிதருக்கு மத்தேயுவின் இறையியலில் இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது.

இனி லூக்கா. நாசரேத்து என்ற சிற்றூரில் ஓர் இளம்பெண்ணிடம் காபிரியேல் வருகிறான். "இது எப்படியாகும்? புருஷனை அறியேனே" என்று மரியாள் கேட்கிறார். நியாயமான கேள்வி, தேவதூதன் அதைக் கண்டிக்கவில்லை. அவன் தரும் பதிலில்தான் முழு இறையியலும் அடங்கியிருக்கிறது: "பரிசுத்த ஆவி உன்மேல் வரும், உன்னதமானவருடைய பலம் உன்மேல் நிழலிடும்." லூக்காவின் வாசகர்களுக்கு இந்த மொழி புதிதல்ல. ஆதியாகமத்தின் தொடக்கத்தில் ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்த பூமியில் தண்ணீரின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தது தேவ ஆவி. யாத்திராகமத்தின் முடிவில், இஸ்ரவேலர் கடவுளைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் மேகம் தங்கியது; கர்த்தருடைய மகிமை அதை நிரப்பியது. படைப்பின் மொழியையும் கடவுள் குடியிருக்க வரும் மொழியையும் சேர்த்துத் தூதன் மரியாளிடம் பேசுகிறான். உடலுறவைக் குறிக்கும் சாயல் அந்த வாக்கியத்தில் துளியும் இல்லை.

அதற்குப் பிறகு வருவது மரியாளின் சம்மதம்: "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது." இந்த வாக்கியம் வந்த பிறகுதான் தூதன் புறப்பட்டுப் போகிறான். மரியாள் மீட்பைத் தொடங்கவில்லை. அதே சமயம், அவரைக் கேட்காமல் அது நடக்கவும் இல்லை. மரியாள் கிறிஸ்துவை வயிற்றில் ஏற்கும் முன்பே விசுவாசத்தால் மனத்தில் ஏற்றார் என்று ஆதிச் சபையின் ஆயர் அகுஸ்தீன் ஒரு பிரசங்கத்தில் சொன்னது இந்த இடத்தைப் பார்த்துத்தான்.

கடவுளிடமிருந்து தொடங்கியது

முதல் உறுதிமொழிக்கு வருவோம். வேதாகமத்தில் அதிசயமான பிறப்புகளுக்கு நீண்ட மரபு உண்டு. முதுமையில் ஈசாக்கைப் பெற்ற சாராள், கண்ணீரோடு வேண்டி சாமுவேலைப் பெற்ற அன்னாள், யோவான் ஸ்நானகனைப் பெற்ற எலிசபெத்து எல்லாரும் பிள்ளை பிறக்க வாய்ப்பில்லை என்று கைவிடப்பட்டவர்கள். வாக்குத்தத்தம் நிறைவேற மனித ஆற்றல் போதாத இடத்தில் கடவுள் செயல்படுகிறார் என்பதே அந்தக் கதைகளின் சாரம். "கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ?" என்று சாராளைக் குறித்து ஆபிரகாமிடம் கேட்கப்பட்டது, "தேவனாலே கூடாத காரியம் ஒன்றுமில்லை" என்று மரியாளிடம் சொல்லப்பட்டது. லூக்கா வேண்டுமென்றே அந்தப் பழைய எதிரொலியை எழுப்புகிறார்.

ஆனால் மரியாளின் கதை ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. சாராளும் எலிசபெத்தும் பிள்ளைக்காக ஏங்கியவர்கள். அவர்களுக்குக் கணவர்கள் இருந்தார்கள். அங்கே கடவுள் வழக்கமான வழிக்குத் துணைசெய்தார். மரியாள் பிள்ளை கேட்கவில்லை. அவருடைய கதையில் வழக்கமான வழியும் இல்லை. பழையதைச் சீர்படுத்துவதோடு நில்லாமல், புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார் கடவுள். ஆகவேதான் லூக்கா தம் வம்சவரலாற்றைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஆதாமில் முடித்து, அந்த ஆதாமைத் "தேவனால் உண்டானவன்" என்கிறார். தந்தையில்லாமல் வந்த முதல் மனிதனுக்கும் இயேசுவுக்கும் இடையே ஒரு கோடு இழுக்கப்படுகிறது.

2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லியோன் நகரின் ஆயராக இருந்த இரேனேயு இந்தக் கோட்டை விரிவாக வரைந்தார். யாரும் உழாத கன்னி மண்ணிலிருந்து ஆதாம் உருவானான். கன்னியாகிய மரியாளிடமிருந்து புதிய ஆதாம் வந்தார். ஏவாளின் கீழ்ப்படியாமை போட்ட முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது. இது வெறும் அழகுக்காகச் சொன்ன ஒப்புமை அல்ல. மனித வரலாற்றை அதன் தொடக்கத்திலிருந்தே மறுபடி நடந்து, பிசகிய ஒவ்வோர் இடத்தையும் கிறிஸ்து நேராக்கினார் என்பது இரேனேயுவின் இறையியலுக்கே அச்சாணி.

இதிலிருந்து கிடைக்கும் பாடத்தைக் கிறிஸ்தவ மொழியில் 'கிருபை' என்பார்கள். மீட்பர் மனித முயற்சியின் உச்சத்தில் விளைந்த பழம் அல்லர். எந்த அரச குடும்பமும், எந்த ஆணின் வீரியமும், எந்த ஞானப் பரம்பரையும் அவரை உருவாக்கவில்லை. அவர் தரப்பட்டவர். 20ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் கார்ல் பார்த் இதில் உறுதியாக நின்றார். இயேசுவின் வாழ்க்கை தொடங்கும் இடத்தில் கன்னிப் பிறப்பும் முடியும் இடத்தில் காலியான கல்லறையும் இரண்டு அடையாளங்களாக நிற்கின்றன. இந்த வாழ்க்கை கடவுளுடைய செயல் என்று அவை காட்டுகின்றன என்றார். அடையாளமும் அது காட்டும் உண்மையும் ஒன்றல்ல. ஆனால் அடையாளத்தைத் தூக்கி எறிந்தால் உண்மையும் கையை விட்டுப் போகக்கூடும் என்று அவர் எச்சரித்தார்.

மெய்யாகவே பிறந்தார்

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் இரண்டாவது உறுதிமொழி.

2ஆம் நூற்றாண்டில் சபையைக் கலக்கிய கேள்வி 'இயேசு கடவுளா?' என்பது மட்டுமல்ல. 'அவர் உண்மையில் மனிதரா?' என்ற கேள்வியும் அதே அளவுக்குச் சுட்டது. தெய்வத்தன்மை உள்ளவர் இரத்தத்திலும் சதையிலும் எப்படி வருவார், பசியும் களைப்பும் மரணமும் அவருக்கு எப்படிப் பொருந்தும் என்று பலர் அருவருத்தார்கள். அவருடைய உடல் ஒரு தோற்றம்தான் என்று அவர்களில் சிலர் போதித்தார்கள். மார்சியோன் என்பவர் ஒரு படி மேலே போய்ப் பிறப்பையே நீக்கிவிட்டார். அவருடைய சுவிசேஷத்தில் இயேசு வளர்ந்த மனிதராகத் திடீரென்று தோன்றிக் கப்பர்நகூமில் போதிக்கத் தொடங்குகிறார். வாலெண்டினியர் என்ற குழுவினரில் ஒரு சாரார், குழாய் வழியே தண்ணீர் ஓடுவதைப் போல இயேசு மரியாளின் வழியே கடந்து வந்தார் என்றார்கள். குழாயிலிருந்து தண்ணீர் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அதுபோல மரியாளிடமிருந்து அவர் சதையோ இரத்தமோ எதுவும் பெறவில்லை என்பது அவர்கள் வாதம்.

இதற்கு எதிராகத்தான் 'கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்' என்ற சொற்றொடர் ஆயுதமாக எடுக்கப்பட்டது. அந்தியோகியாவின் ஆயர் இக்னேஷியஸ் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டபோது, வழியில் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். சிமிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில் இயேசு மெய்யாகவே தாவீதின் வம்சத்தவர், மெய்யாகவே கன்னியிடம் பிறந்தவர், மெய்யாகவே ஆணிகளால் அறையப்பட்டவர் என்று 'மெய்யாகவே' என்பதைத் திரும்பத் திரும்ப அடுக்குகிறார். தாம் சாகப்போவது ஒரு மாயத் தோற்றத்துக்காக அல்ல என்று தெரிந்திருக்க வேண்டிய அவசரம் அவருக்கு இருந்தது. கன்னியிடம் பிறந்தார் என்பதை அவர் எந்த வரிசையில் வைக்கிறார் என்று கவனியுங்கள். தெய்வீகத்துக்கான சான்றுகளோடு சேர்க்காமல், சிலுவை, ஆணி, சதை என்ற மனிதத் தன்மையின் வரிசையில் வைக்கிறார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, கார்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்துல்லியன் கிறிஸ்துவின் உடலைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிறப்பு என்றாலே முகம் சுளித்த மார்சியோனுக்கு அவர் கொடுத்த பதிலில் கருப்பையும் இரத்தமும் பிரசவ வேதனையும் ஒளிவுமறைவின்றி வருகின்றன. இதையெல்லாம் அருவருக்கிறாயா, நீயும் இப்படித்தானே பிறந்தாய் என்று கேட்கிறார். கிறிஸ்து மனிதனை நேசித்தார். மனிதனோடு சேர்த்து அவனுடைய பிறப்பையும் சதையையும் நேசித்தார் என்கிறார். கன்னிப் பிறப்பு மனித உடலை ஒதுக்கிவைக்கும் கோட்பாடு என்று நினைப்போர் இந்த வாதத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டு உறுதிமொழிகளையும் ஒரே ஆளில் எப்படிப் பிடித்து வைப்பது என்பது அடுத்த நூற்றாண்டுகளின் வேலையாயிற்று. 381இல் கூடிய கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கத்தோடு (சங்கம் என்பது ஆயர்களின் பேரவை) இணைத்து அறியப்படும் நிசேயா பிரமாணம், பரிசுத்த ஆவியாலும் கன்னிமரியாளிடத்திலும் மாம்சமாகி மனிதரானார் என்கிறது. 325இல் எழுதப்பட்ட வடிவத்தில் ஆவியின் பெயரோ மரியாளின் பெயரோ இந்த இடத்தில் இல்லை. 431இல் எபேசுவில், மரியாளைக் 'கடவுளின் தாய்' என்று சொல்லலாமா என்று பெரும் விவாதம் நடந்தது. கான்ஸ்டான்டிநோப்பிளின் ஆயர் நெஸ்தோரியஸ் தயங்கினார், சங்கம் சொல்லலாம் என்று தீர்த்தது. கடவுளுக்கு மரியாள் தொடக்கம் கொடுத்தார் என்பது அதன் பொருள் அல்ல. மரியாள் பெற்றெடுத்தவர் கடவுளாகிய குமாரனே. தெய்வம் ஒருவர், மனிதர் வேறொருவர் என்று பிரிக்க முடியாது என்பதே பொருள். 451இல் கால்செதோன் சங்கம் இதை இரண்டு பிறப்புகளாக எடுத்துரைத்தது: தெய்வத்தன்மையின்படி காலங்களுக்கு முன்பே பிதாவினிடம் பிறந்தவர், மனிதத்தன்மையின்படி கடைசி நாட்களில் கன்னிமரியாளிடம் பிறந்தவர்.

இதனால் ஒரு தவறான எண்ணமும் அடைபடுகிறது. சாதாரணமாகப் பிறந்து வளர்ந்த நல்ல மனிதர் ஒருவரைக் கடவுள் பின்னாளில் தம் மகனாகத் தத்தெடுத்தார் என்று சிலர் போதித்தார்கள். கருவான நொடியிலிருந்தே இவர் வேறு யாரும் அல்லர், குமாரனே என்று சபை பதில் சொன்னது.

இது எதைச் சொல்லவில்லை

முதலாவது, கடவுள் உடலளவில் தந்தையானார் என்று இது சொல்லவில்லை. 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதிய உரையாடல் நூலில் திரிபோ என்ற யூதர் இந்தக் குற்றச்சாட்டை நேராகவே வைக்கிறார்: சீயுஸ் தேவன் பொன்மழையாக இறங்கி டானாயேயிடம் பெர்சியுஸ் பிறந்தான் என்று கிரேக்கர் சொல்லும் கதையைப் போலத்தானே இதுவும்? இன்றும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. மேலோட்டமான ஒற்றுமை இருப்பது உண்மைதான். ஆனால் கிரேக்கக் கதைகளில் ஆசைப்படும் ஆண் தெய்வம் உண்டு, சேர்க்கை உண்டு, பாதி தெய்வமும் பாதி மனிதனுமான வீரன் உண்டு. லூக்காவில் இவை மூன்றும் இல்லை. ஆவி கணவனுடைய இடத்தை நிரப்பவில்லை, படைப்பவராகச் செயல்படுகிறார். பிறந்தவர் பாதிக்குப் பாதி அல்லர்; முழுக் கடவுள், முழு மனிதர் என்பதே சபையின் அறிக்கை. சில பல்லி இனங்களிலும் சுறா இனங்களிலும் ஆண் துணையின்றிக் குட்டி உண்டாவதை ஆதாரமாகக் காட்டிப் பேசும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அது வேறு பேச்சு. இயற்கையில் அரிதாக நடப்பது ஒன்று இங்கும் நடந்தது என்று சுவிசேஷங்கள் சொல்லவே இல்லை.

இரண்டாவது, இயேசு கடவுள் என்பதற்குக் கன்னிப் பிறப்பு தனியாக நின்று சான்றாகாது. இதற்குத் தெளிவான அத்தாட்சி குர்ஆன். மரியாளின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 19ஆம் அத்தியாயம் அதில் உண்டு; ஈசா ஆணின் தொடர்பின்றிப் பிறந்தார் என்பதை இஸ்லாம் ஏற்கிறது. ஆனால் அதிலிருந்து அவர் கடவுளின் மகன் என்ற முடிவுக்கு அது வருவதில்லை. 3ஆம் அத்தியாயத்தில் ஈசாவை, கடவுள் மண்ணிலிருந்து படைத்த ஆதாமுக்கு ஒப்பிடுகிறது. கிறிஸ்தவர்கள் இயேசுவைக் கடவுளென்று அறிக்கையிட முதல் காரணம் அவருடைய உயிர்த்தெழுதல். பவுலின் கடிதங்கள் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் சுற்றியே சுழல்கின்றன. பிறப்பைப் பற்றி, தாவீதின் சந்ததியில் பிறந்தவர், "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவர்" என்பதற்கு மேல் அவை சொல்வதில்லை. மாற்குவும் பிறப்பைச் சொல்லாமல் நேரே யோர்தான் நதிக்கரையில் தொடங்குகிறார். உயிர்த்தெழுந்தவர் யார் என்று அறிந்த பிறகுதான் அவர் எப்படி வந்தார் என்ற செய்தி அதன் முழுப் பொருளைப் பெற்றது.

மூன்றாவது, தாம்பத்தியம் அசுத்தம் என்று இது சொல்லவில்லை. இந்தத் தவறு சபைக்குள்ளிருந்தே வந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆதாமின் பாவம் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவதை அகுஸ்தீன் உடலுறவின் இச்சையோடு இணைத்துப் பேசினார். அந்தத் தொடர்பு இல்லாமல் கருவானதால் இயேசு பாவமற்றவர் என்ற விளக்கம் பல நூற்றாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. அதன் விளைவாகத் திருமணம் இரண்டாம் தரம் என்ற எண்ணமும் பல பெண்களின் மனத்தில் தேவையற்ற குற்ற உணர்வும் ஊறிப்போயின. இது மிகவும் வருந்தத்தக்கது. மத்தேயுவோ லூக்காவோ அப்படி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இயேசுவின் பரிசுத்தத்துக்கு அவர்கள் காட்டும் காரணம் ஆவி. ஆண் இல்லாமை அல்ல. 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதி கால்வின் இதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டினார்: ஆணின்றிப் பிறந்ததால் மட்டும் கிறிஸ்து கறையற்றவர் ஆகவில்லை, ஆவியால் பரிசுத்தமாக்கப்பட்டதால் ஆனார் என்றார். "விவாகம் யாவருக்குள்ளும் கனமுள்ளதாய்" இருக்கட்டும் என்று சொல்வதும் அதே புதிய ஏற்பாடுதான்.

ஏசாயாவும் பிற்காலச் சந்தேகங்களும்

மத்தேயு மேற்கோள் காட்டும் ஏசாயா 7:14 நெடுங்காலமாகச் சர்ச்சைக்குரிய வசனம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டு அண்டை அரசர்களின் படையெடுப்புக்கு அஞ்சி நின்ற ஆகாஸ் ராஜாவுக்கு ஏசாயா ஓர் அடையாளம் தருகிறார்: ஒரு பெண் குமாரனைப் பெறுவாள், இம்மானுவேல் என்று பெயரிடுவாள். எபிரெய மூலத்தில் உள்ள சொல் இளம்பெண்ணைக் குறிப்பது. கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பு அங்கே கன்னி என்று எழுதியது. மத்தேயு அதையே எடுத்தாள்கிறார். ஆகாசின் காலத்திலேயே பிறந்த ஒரு குழந்தையைத்தான் ஏசாயா முதலில் குறித்தார் என்று யூதர்களும் பல கிறிஸ்தவ அறிஞர்களும் கருதுகிறார்கள். மத்தேயு அந்த வாக்கின் முழு நிறைவை இயேசுவிடம் கண்டார். அந்த வசனத்திலிருந்தே இந்தக் கதை புனையப்பட்டது என்ற வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. அந்த வசனத்தை மேற்கோள் காட்டாத லூக்காவும் இதே செய்தியைத் தருகிறாரே.

அவதூறும் பழமையானதுதான். 2ஆம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற தத்துவவாதி, இயேசு பந்தேரா என்ற படைவீரனுக்குப் பிறந்தவர் என்ற பேச்சைக் கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தினார்; அவருக்கு 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் விரிவாகப் பதில் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் எதிர்ப்பின் வடிவம் மாறியது. ஜெர்மன் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராஸ் 1835இல் வெளியிட்ட நூலில் பிறப்புக் கதைகளைத் தொன்மம் என்று வகைப்படுத்தினார். அதிலிருந்து சபைகளுக்குள் இந்த விவாதம் ஓயவில்லை. சிலர் இதை வரலாற்று நிகழ்வாக உறுதியாகப் பற்றுகிறார்கள். சிலர் உண்மையைச் சொல்லும் ஓர் உருவகமாகக் கொள்கிறார்கள். பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன யோசேப் ராட்சிங்கர், கன்னிப் பிறப்பைத் தாமே நம்பியவர், 1968இல் எழுதியது இங்கே உதவும்: இயேசு சாதாரணத் திருமணத்தில் பிறந்திருந்தாலும் அவருடைய தெய்வத்தன்மை பற்றிய கோட்பாடு பாதிக்கப்படாது, ஏனென்றால் அது உடலியல் செய்தி அல்ல என்றார்.

கடவுள் இதை வேறு வழியில் செய்திருக்கலாம். இந்த வழியில் செய்தார் என்பதே சுவிசேஷங்களின் சாட்சி. நான் அந்தச் சாட்சியை நம்புகிறேன். நம்பத் தயங்குபவரிடம் நான் கேட்பதெல்லாம், மறுப்பதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று முழுமையாகக் கேளுங்கள் என்பதுதான்.

யோவானின் ஒரு வசனம்

யோவானின் சுவிசேஷத்தில் பெத்லெகேமும் இல்லை, காபிரியேலும் இல்லை. ஆனால் அதன் முதல் அதிகாரத்தில் விசுவாசிகளைப் பற்றி ஒரு வாக்கியம் வருகிறது: அவர்கள் "இரத்தத்தினாலாவது மாம்ச சித்தத்தினாலாவது புருஷனுடைய சித்தத்தினாலாவது பிறவாமல், தேவனாலே பிறந்தவர்கள்." உடனே அடுத்த வசனம், "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று இயேசுவைப் பற்றிப் பேசுகிறது. முதல் வசனம் இயேசுவின் பிறப்பை அப்படியே வருணிப்பதுபோல் இருப்பதால், பழைய சான்றுகள் சிலவற்றில் அது ஒருமையில், 'பிறந்தவர்' என்று அவரையே குறிப்பதாக இருக்கிறது; தெர்துல்லியன் அந்தப் பாடத்துக்காகவே வாதாடினார். நம் கையில் உள்ள வேதாகமங்கள் பன்மையையே பின்பற்றுகின்றன. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இயேசுவின் பிறப்பைச் சொல்ல இவ்வளவு பொருத்தமான சொற்களை யோவான் சாதாரண விசுவாசிகளுக்குக் கொடுத்துவிட்டார். 5ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் ஆயராக இருந்த லியோ ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் இதே சிந்தனையைத் தொட்டார்: மறுபடி பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானத் தண்ணீர் கன்னியின் கருப்பையைப் போன்றது, அன்று கன்னியை நிரப்பிய அதே ஆவிதான் இந்தத் தண்ணீரையும் நிரப்புகிறார்.